வரலாற்றில் பிஎச்.டி ஆய்வு முன்மொழிவு எழுதுவது எப்படி: ஆர்வத்திலிருந்து கமிட்டி வரை

வரலாற்றில் எம்.ஏ முடித்து பிஎச்.டிக்கு வருகிற மாணவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "நல்ல தலைப்பு ஒன்று சொல்லுங்கள்" என்பதுதான். தலைப்பு மட்டும் கிடைத்துவிட்டால் சினாப்சிஸை, அதாவது ஆய்வு முன்மொழிவை, இரண்டு வாரத்தில் எழுதிவிடலாம் என்று நினைக்கிறார்கள், எழுதியும் கொடுத்துவிடுகிறார்கள், கமிட்டியும் சில சமயம் ஒப்புதல் தந்துவிடுகிறது. சிக்கல் மூன்றாவது வருடத்தில்தான் தெரியும். குறிப்புகள் நோட்டு நோட்டாகச் சேர்ந்திருக்கும், ஆனால் இவற்றை வைத்து என்ன சொல்ல வருகிறோம் என்று யாராவது கேட்டால் பதில் இருக்காது. அந்த நிலைமைக்கு வேர் முன்மொழிவில் இருக்கிறது. ஒரு கேள்வி, அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஆவணங்கள், அந்த ஆவணங்கள் இன்ன இடத்தில் இருக்கின்றன, என்னால் அவற்றைப் படிக்க முடியும் என்ற உறுதி, இவை மூன்றும் சேர்ந்தால்தான் அது முன்மொழிவு.

முன்பு எம்.பில் இருந்தது. சின்னதாக ஓர் ஆய்வேடு எழுதி, காப்பகம் எப்படி இயங்குகிறது, அடிக்குறிப்பை எப்படிப் போடுவது என்றெல்லாம் கை பழகிய பிறகு பிஎச்.டிக்கு வருவார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிமுறைகளோடு எம்.பில் நின்றுபோனது. இப்போது வருகிறவர்களில் பலர் ஒரு மூல ஆவணத்தைக்கூடக் கையில் தொடாமல் நேராக முன்மொழிவு எழுத உட்கார்கிறார்கள். அது அவர்களுடைய குறை இல்லை, ஆனால் அந்தப் பயிற்சியை எங்கேயாவது ஈடுகட்டியாக வேண்டும். அதனால் இந்த வழிகாட்டி கொஞ்சம் நீளமாகவே போகும்.

பொதுப்படையாகப் பேசினால் எதுவும் மனதில் நிற்காது என்பதால் ஒரே ஒரு உதாரணத்தைக் கடைசி வரை எடுத்துச் செல்கிறேன்: 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சம், நம் பாட்டிமார் வாயில் தாது வருஷப் பஞ்சம். உங்கள் ஆர்வம் கோயில் நிர்வாகமாக இருக்கலாம், மில் தொழிலாளர்களாக இருக்கலாம், சினிமாக் கொட்டகைகளாக இருக்கலாம். வேலை செய்யும் விதம் ஒன்றுதான்.

படி 1: ஆர்வத்தைக் கேள்வியாக மாற்றுவது

"சென்னை மாகாணத்தில் பஞ்சங்கள், 1850–1900: ஓர் ஆய்வு". இப்படித்தான் முதல் வரைவு வரும். இது ஓர் அலமாரி நிறையப் புத்தகம் எழுதவேண்டிய பரப்பு, கேள்வியே இல்லை. இதைப் பார்த்து நெறியாளர் "கொஞ்சம் சுருக்குங்க" என்பார், மாணவர் ஆண்டுகளை வெட்டுவார், மாவட்டத்தை வெட்டுவார், "சேலம் மாவட்டத்தில் பஞ்சம், 1876–1878: ஓர் ஆய்வு" என்று ஆகும். பரப்பு சுருங்கியது, ஆனால் இன்னும் கேள்வி பிறக்கவில்லை. சின்ன இடம் என்பதற்காக மட்டும் ஓர் ஆய்வு கூர்மையாகிவிடாது.

கேள்வி எங்கிருந்து வரும்? பெரும்பாலும் ஏதோ ஒன்று புரியாமல் இருப்பதிலிருந்து. இந்தப் பஞ்சத்தைப் பற்றிக் கொஞ்சம் படித்தாலே ஒரு விவாதம் கண்ணில் படும். 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் அனுப்பி வைத்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஓர் ஆணுக்கு நாள் கூலியை ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் என்று குறைத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இந்த அளவில் மனிதர் உயிர் வாழ முடியாது என்று கடுமையாக எதிர்த்தார். இதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். ஆனால் இந்தக் கூலி, வேலை செய்யத் தெம்பு இருந்தவர்களுக்கு. வேலை செய்ய முடியாத முதியவர்கள், நோயாளிகள், குழந்தைகளோடு நின்ற பெண்கள் ஆகியோருக்கு முகாமில் சமைத்த உணவும், கிராமத்திலேயே கொடுத்த பண உதவியும் இருந்தன. கிராமத்தில் கொடுக்க வேண்டுமென்றால் பட்டியல் வேண்டும். சரி, அந்தப் பட்டியலில் ஒருவர் பெயரை ஏற்றியது யார்? எந்த அளவுகோலை வைத்து? ஊர்த்தலைவரான மணியக்காரரும் ஊர்க்கணக்கரான கர்ணமும் அந்த ஊரிலேயே நிலம் வைத்திருந்தவர்கள், ஊரின் சாதி வரிசையில் தங்களுக்கென்று ஓர் இடம் உள்ளவர்கள். அவர்கள் கையில் அந்த அதிகாரம் வந்தபோது என்ன நடந்தது?

இப்போது நமக்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. "பஞ்சம் எப்படி இருந்தது" என்று கேட்டால் விவரணைதான் கிடைக்கும். "நிவாரணம் யாருக்கு என்று முடிவு செய்தவர் யார், அந்த முடிவு எதைச் சார்ந்திருந்தது" என்று கேட்டால் வாதம் கிடைக்கும்.

உங்கள் கேள்வி தேறுமா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அதற்கு இரண்டு வேறு வேறு பதில்களை எழுதிப் பாருங்கள், இரண்டுமே நம்பத்தகுந்தவையாக இருக்க வேண்டும். "கிராம அதிகாரிகள் தங்களைச் சார்ந்தவர்களுக்கே முதலிடம் தந்தார்கள்" என்பது ஒன்று. "மேலதிகாரிகளின் தணிக்கை கடுமையாக இருந்ததால், தகுதியிருந்தவர்களையும் பயந்துபோய் நீக்கினார்கள்" என்பது இன்னொன்று. எது சரி என்று ஆவணத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது, அதனால் ஆராய்வதற்கு அங்கே ஏதோ இருக்கிறது. ஒரே ஒரு பதில்தான் தோன்றுகிறது, அதுவும் இப்போதே தெரிகிறது என்றால் கேள்வியை மாற்றுங்கள்.

படி 2: எழுதுவதற்கு முன்னால் காப்பகத்துக்குப் போங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான், ஆனால் முன்மொழிவு ஒப்புதலானதும் போகலாம் என்று எல்லோரும் தள்ளிப்போடுவதும் இதைத்தான். அந்த வரிசையே தலைகீழ். ஆவணம் இருக்கிறதா என்று தெரியாமல் எழுதும் முன்மொழிவு வெறும் நம்பிக்கை.

சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் கட்டடம் 1909இல் எழுந்தது, பழைய பெயர் மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீஸ். மாகாண அரசின் பல துறை நடவடிக்கைகளும், வருவாய் வாரியத்தின் நடவடிக்கைகளும், மாவட்டப் பதிவேடுகளும் அங்கே இருக்கின்றன. துறைத்தலைவர் அல்லது நெறியாளரின் கடிதத்தோடு விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். படம் எடுக்கலாமா, நகல் கட்டணம் எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை கோப்பு கேட்கலாம் என்பதையெல்லாம் முதல் நாளே அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் வேலைத் திட்டமே அதைப் பொறுத்துத்தான் அமையும்.

முதல் தடவை போகும்போது கோப்புகளைக் கேட்காதீர்கள், அட்டவணைத் தொகுதிகளைக் கேளுங்கள். ஆண்டுவாரியான அட்டவணைகளில் பஞ்சம், நிவாரணம், கிராம அதிகாரிகள், சேலம் என்று பல சொற்களின் கீழ் தேடுங்கள், ஏனென்றால் அன்றைய குமாஸ்தா எந்தச் சொல்லின் கீழ் போட்டார் என்பது நமக்குத் தெரியாது. வேலைநீக்கம், மேல்முறையீடு, மனு, முறைகேடு ஆகிய சொற்களையும் விடாதீர்கள். நிவாரணப் பணத்தில் கைவைத்ததாக ஒரு மணியக்காரரை விசாரித்திருந்தால், அது பஞ்சம் என்ற தலைப்பின் கீழ் வராமல் கிராம அதிகாரிகளின் ஒழுங்கு நடவடிக்கை என்ற இடத்தில் ஒளிந்திருக்கும். நம் கேள்விக்கு அந்த மாதிரி விசாரணைதான் தங்கம். சாதாரண நாளில் யாரும் எழுதி வைக்காததை, சண்டை வந்தால் எழுதி வைப்பார்கள். பட்டியலில் பெயர் விடுபட்டவர் ஏன் விடுபட்டார் என்று வாக்குமூலம் பதிவாவது அங்கேதான்.

கண்ணில் பட்ட ஒவ்வொன்றுக்கும் துறை, அரசாணை எண், தேதி, ஒரு வரிச் சுருக்கம் என நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அவற்றிலிருந்து நாலைந்து கோப்புகளை மட்டும் கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள். சில கோப்பு நைந்துபோனது என்று சொல்லி வராது. சிலது வரும், ஆனால் நாம் எதிர்பார்த்தது உள்ளே இருக்காது. இந்த மாதிரி பார்த்ததில் எத்தனை பங்கு உண்மையில் பயன்படுகிறது என்பதை வைத்துத்தான் உங்கள் ஆய்வு ஓடுமா என்று கணிக்க முடியும். "அட்டவணையில் இன்ன ஆண்டுகளுக்கு இவ்வளவு பதிவுகள் கண்டேன், இவற்றைப் படித்தேன், இன்ன வகைத் தகவல் இருக்கிறது" என்று ஒரு பத்தி முன்மொழிவில் இருந்தாலே கமிட்டியில் உங்களைப் பார்க்கும் பார்வை மாறிவிடும்.

காப்பகம் தவிர வேறு இடங்களும் உண்டு. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய தமிழ் அச்சு நூல்களும் இதழ்களும் பெருந்தொகுப்பாக இருக்கின்றன. பஞ்சத்தைப் பற்றிய கும்மிப் பாட்டுகள், சின்னச் சின்னப் பாட்டுப் புத்தகங்கள் போன்றவற்றைத் தேட வேண்டிய இடம் அது. சேலத்தில் லண்டன் மிஷனரி சங்கம் வேலை செய்தது, அதன் மூல ஆவணங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோயாஸ் கல்லூரி நூலகத்தில் உள்ளன. அங்கே போக வழியில்லை என்றால் அதை முதன்மைச் சான்றாக எழுதாதீர்கள், அச்சில் வந்த மிஷன் அறிக்கைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதுங்கள். மெட்ராஸ் டைம்ஸ் ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி இந்தப் பஞ்சத்தைப் பற்றி 1878இல் வெளியிட்ட இரண்டு தொகுதிகளும், 1880இன் பஞ்ச ஆணைய அறிக்கையும் இணையத்திலேயே படிக்கக் கிடைக்கின்றன. லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு 1883இல் வந்தது, அதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் இந்திய அரசு தரப்புக் கோப்புகளை வீட்டிலிருந்தே தேடலாம்.

பத்திரிகை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பல சினாப்சிஸில் முதன்மைச் சான்றுகள் என்று போட்டு "தி இந்து, சுதேசமித்திரன்" என்று பழக்கத்தில் எழுதிவிடுவார்கள். தி இந்து தொடங்கியது 1878 செப்டம்பரில். சுதேசமித்திரன் 1882இல். பஞ்சத்தின் உச்சம் 1877. அந்த நேரத்துக்கு மெட்ராஸ் மெயில், மெட்ராஸ் டைம்ஸ் மாதிரி ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகளையும், உள்நாட்டு மொழிப் பத்திரிகைகளில் வந்ததை அரசு மொழிபெயர்ப்பாளர் சுருக்கித் தந்த அறிக்கைகளையும்தான் நம்ப வேண்டியிருக்கும். தேர்வாளர் இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் மீதி முன்மொழிவின் மேலும் சந்தேகம் வரும். எந்தச் சான்றை எழுதினாலும் அது உங்கள் காலத்தில் இருந்ததா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

படி 3: ஏற்கெனவே எழுதியவர்களோடு பேசுவது

முன்னாய்வுகள் பகுதியை நம் துறையில் எழுதும் விதம் எனக்கு எப்போதும் வருத்தம் தருவது. ஒரு புத்தகத்துக்கு ஒரு பத்தி, "இந்நூலில் ஆசிரியர் பஞ்சத்தின் காரணங்களை விளக்குகிறார்", அடுத்த புத்தகம், அடுத்த பத்தி. இருபது பத்தி முடிந்ததும் "மேற்கண்ட எந்த ஆய்விலும் சேலம் மாவட்டம் ஆராயப்படவில்லை, எனவே இவ்வாய்வு அவசியமாகிறது". ஒரு மாவட்டத்தை யாரும் தொடவில்லை என்பது அதைத் தொடுவதற்குப் போதுமான காரணம் ஆகாது. எழுதப்படாத மாவட்டம் நிறைய இருக்கிறது, இதை எழுதினால் பஞ்சத்தைப் பற்றி நாம் புரிந்துகொண்டிருப்பதில் என்ன மாறும் என்பதுதான் கேள்வி.

புத்தகம் புத்தகமாக அடுக்காமல் வாதம் வாதமாக அடுக்குங்கள். நம் உதாரணத்தில் குறைந்தது ஐந்து குரல்கள் உண்டு. 1880இன் ஆணையமும் அதைத் தொடர்ந்த அதிகாரிகளும் பஞ்சத்தை நிர்வாகப் பிரச்சினையாகப் பார்த்தார்கள், பஞ்சம் வந்தால் அரசு என்ன செய்ய வேண்டும் என்று வகுத்த பஞ்ச விதித் தொகுப்புகள் அதிலிருந்து வந்தன. ரொமேஷ் சந்திர தத் போன்ற தேசியவாதிகள் நிலவரியின் சுமையை முன்னால் வைத்தார்கள். அமர்த்தியா சென் 1981இல், உணவு இல்லாததைவிட உணவைப் பெறும் உரிமை பறிபோவதே பட்டினிக்குக் காரணமாகலாம் என்று காட்டினார். டேவிட் ஆர்னால்ட் 1984இல் இதே சென்னைப் பஞ்சத்தை எடுத்து, விவசாயிகள் அதை எப்படிப் புரிந்துகொண்டார்கள், எப்படி எதிர்வினை செய்தார்கள் என்று எழுதினார். 2001இல் மைக் டேவிஸ் எல் நினோ பருவநிலையையும் ஏகாதிபத்தியச் சந்தையையும் சேர்த்து உலக அளவில் பார்த்தார்.

இப்படி அடுக்கிப் பார்த்தால் நம் இடம் தானாகவே தெரிய வரும். மேலே கொள்கை பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், கீழே மக்களின் அனுபவம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நின்ற மணியக்காரரும் கர்ணமும் வந்து போகும் பாத்திரங்களாகவே இருக்கிறார்கள். சென் சொல்லும் உரிமை என்ற கருத்தையும் இங்கே கொண்டுவரலாம். சந்தையில் உரிமை இழந்த ஒருவருக்கு அரசு நிவாரணத்தின் மேல் உரிமை உண்டா இல்லையா என்பது ஓர் உள்ளூர் மனிதரின் பேனாவில் இருந்தால், அந்த உரிமை எத்தகையது? இப்படி எழுதும்போது சேலம் ஏன் என்பதற்கும் பதில் வருகிறது.

நம் ஊர் ஆய்வேடுகளையும் பார்த்தாக வேண்டும். சோத்கங்கா இணையதளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி ஆய்வேடுகள் கிடைக்கும். அதன் கூடவே இருக்கும் சோத்கங்கோத்ரியைப் பலருக்குத் தெரிவதில்லை, அதில் ஒப்புதலான முன்மொழிவுகளையே போட்டு வைத்திருக்கிறார்கள். உங்கள் தலைப்புக்குப் பக்கத்தில் யார் இப்போது வேலை செய்கிறார் என்று அங்கே பாருங்கள். அவற்றை மாதிரியாக வைத்து அப்படியே எழுதாமல், எங்கே கேள்வி இருக்கிறது, எங்கே வெறும் தகவல் இருக்கிறது என்று பென்சிலால் கோடு போட்டுப் படித்தால் நல்ல பயிற்சி. "இதுவரை யாரும் ஆராயவில்லை" என்ற வாக்கியத்தை மட்டும் எங்கேயும் எழுதாதீர்கள், அதை நிரூபிக்க முடியாது. "நான் பார்த்த அளவில் குறைவாகவே கவனிக்கப்பட்டிருக்கிறது" என்பது நேர்மையான வாக்கியம்.

படி 4: எல்லையை நியாயப்படுத்துங்கள்

ஏன் சேலம்? "ஆய்வாளரின் சொந்த மாவட்டம்" என்பது உங்களுக்கு உந்துதலாக இருக்கலாம், காரணமாக எழுத முடியாது. 1871 கணக்கெடுப்பில் சுமார் 19.7 லட்சமாக இருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை 1881இல் சுமார் 16 லட்சம். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. இறப்பு, பிறப்பு குறைந்தது, இலங்கைக் காப்பித் தோட்டங்கள் போன்ற இடங்களுக்குப் போனது என்று எல்லாம் அதற்குள் அடங்கும் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும், முழுவதையும் பஞ்சச் சாவு என்று எழுதினால் தவறு.

இதைவிட நல்ல காரணம் ஒன்று உண்டு. சேலம் பகுதியில் 1790களில் கம்பெனி அதிகாரிகளான ரீடும் மன்றோவும், உழவரிடமே அரசு நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறையை உருவாக்கிப் பார்த்தார்கள், அப்புறம் 1800களின் தொடக்கத்தில் நிலத்தை மிட்டா எனப்படும் சிறு ஜமீன்களாகப் பிரித்து நிரந்தர வரித் திட்டத்தில் விற்றார்கள், அவற்றில் பல பின்னாளில் மறுபடி அரசு கைக்கு வந்தன. ஆகவே பஞ்சம் வந்தபோது ஒரே மாவட்டத்தில் மிட்டாதாரருக்கு உட்பட்ட கிராமங்களும் நேரடியாக அரசுக்கு வரி கட்டும் கிராமங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பட்டியல் தயாரித்த விதம் இந்த இரண்டிலும் மாறியதா என்று ஒப்பிட இதைவிட வாகான இடம் கிடைக்காது. இட எல்லை என்பது இப்படிக் கேள்வியிலிருந்தே முளைக்க வேண்டும்.

அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய சேலம் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல், திருப்பத்தூர் எல்லாம் அதில் அடக்கம். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வரும், அந்த மொழி தெரியாவிட்டால் தெற்குத் தாலுகாக்களோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம், அதை வெளிப்படையாகவே எழுதலாம். கால எல்லையைப் பொறுத்தவரை, 1876–78 மட்டும் எடுப்பதா, பஞ்ச விதித் தொகுப்பு உருவான 1880களின் தொடக்கம் வரை நீட்டுவதா என்று யோசியுங்கள். கிராம அதிகாரிகள் மேல் வந்த குற்றச்சாட்டுகள் பிறகு விதிகளில் எப்படி இறங்கின என்று காட்ட ஆவணம் கிடைத்தால் நீட்டுங்கள், கிடைக்காவிட்டால் வேண்டாம்.

படி 5: கருதுகோளும் முறையியலும்

பல பல்கலைக்கழகப் படிவங்களில் கருதுகோள் என்று ஒரு கட்டம் இருக்கும். சமூக அறிவியல் படிவத்தை நமக்கும் அப்படியே கொடுத்திருக்கிறார்கள், என்ன செய்வது, நிரப்பித்தான் ஆக வேண்டும். "பஞ்சத்தால் மக்கள் பெரிதும் பாதிக்கப்பட்டனர்" என்று எழுதினால் அது கருதுகோள் ஆகாது, யாரும் மறுக்க முடியாத கூற்று. நம் உதாரணத்துக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "கிராம நிவாரணப் பட்டியல்கள் வறுமையின் அளவைவிட, பெயர் எழுதப்பட்டவருக்கும் கிராம அதிகாரிக்கும் இருந்த நில உறவையும் சாதி உறவையும் கூடுதலாகப் பிரதிபலித்தன, இந்தப் போக்கு மிட்டா கிராமங்களில் வலுவாக இருந்தது." இது பொய்யாகப் போகலாம். போனாலும் ஆய்வு வீணாகாது, ஏன் பொய்யானது என்பதே ஓர் இயலாகும். எந்த மாதிரிச் சான்று கிடைத்தால் இதைக் கைவிடுவேன் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

முறையியலில் "விளக்க முறையும் பகுப்பாய்வு முறையும் பின்பற்றப்படும்" என்ற வாக்கியத்தைத் தயவுசெய்து எழுதாதீர்கள். அது எந்த ஆய்வுக்கும் பொருந்தும், அதனால் எந்த ஆய்வைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. என்ன செய்யப் போகிறீர்களோ அதைச் சொல்லுங்கள். பட்டியல்களும் விசாரணை அறிக்கைகளும் யார், யாருக்காக எழுதியவை? நிவாரண ஆய்வாளர் தன் மேலதிகாரிக்கு எழுதும்போது எதைப் பெரிதுபடுத்துவார், எதை மறைப்பார்? பட்டியலில் விடுபட்டவர் எழுத்தில் எங்கே தென்படுவார்? மனுவில் வரும் குரல் மனு எழுதிக் கொடுத்தவருடையதா, மனுதாரருடையதா? கும்மிப் பாட்டைச் சான்றாக எடுத்தால், அது பஞ்சத்தின்போது பாடியதா, பல வருடம் கழித்து அச்சேறியதா? டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர் எடுத்த, எலும்புக்கூடாக உட்கார்ந்திருக்கும் மனிதர்களின் புகைப்படங்களைப் பயன்படுத்தினால், அந்த மனிதர்களை அப்படி வரிசையாக உட்கார வைத்தது யார் என்ற கேள்வியும் கூடவே வர வேண்டும். தமிழ்ச் சான்றுகளில் தாது, ஈசுவர, வெகுதானிய என்று வருடப் பெயரோடு தேதி வரும், அதை ஆங்கில ஆண்டோடு பொருத்தும் வழியையும் குறிப்பிடுங்கள். இப்படி எழுதப்பட்ட இரண்டு பக்கம் முறையியல், பத்துப் பக்கக் கோட்பாட்டு மேற்கோள்களைவிட எடை கூடியது.

படி 6: பிரச்சினைக் கூற்று

இத்தனை வேலையும் முடிந்த பிறகு எழுத வேண்டிய பத்தி இது, ஆனால் முன்மொழிவில் முதலில் வரும். மாதிரிக்கு ஒன்று:

"1876–78 பஞ்சத்தின்போது நிவாரணத்துக்கான விதிகளைக் கல்கத்தாவிலும் சென்னையிலும் எழுதினார்கள், ஆனால் ஒருவருடைய பெயர் பட்டியலில் ஏறுவதும் நீங்குவதும் கிராமத்தில் நடந்தது. கூலி அளவு குறித்த கொள்கை விவாதமும், பஞ்சத்தை மக்கள் எதிர்கொண்ட விதமும் விரிவாக எழுதப்பட்டுள்ளன. இரண்டுக்கும் இடையில் நின்ற கிராம அதிகாரிகள் குறைவாகவே கவனிக்கப்பட்டுள்ளனர். சேலம் மாவட்டத்தின் மிட்டா, ரயத்துவாரி கிராமங்களை ஒப்பிட்டு, நிவாரணத்துக்கு உரியவர் யார் என்ற முடிவு எப்படி எடுக்கப்பட்டது, அது எப்போது எதிர்க்கப்பட்டது என்பதை வருவாய் வாரிய நடவடிக்கைகள், ஒழுங்கு விசாரணைகள், மனுக்கள் ஆகியவற்றின் வழியே இவ்வாய்வு ஆராய்கிறது."

என்ன நடந்தது, மற்றவர்கள் என்ன சொன்னார்கள், எது விட்டுப்போனது, நான் எதை வைத்து என்ன செய்யப் போகிறேன், எல்லாம் இதில் இருக்கிறது. உங்கள் துறை சாராத நண்பரிடம் படித்துக் காட்டுங்கள். "அப்போ யாரு பேரை எழுதினாங்க?" என்று அவர் கேட்டால் பத்தி வேலை செய்கிறது.

படி 7: இயல் பகுப்பு

வழக்கமாக வரும் பகுப்பு இது: முதல் இயல் முன்னுரை, இரண்டாம் இயல் "சேலம் மாவட்டத்தின் புவியியல் மற்றும் வரலாற்றுப் பின்னணி". ஆறுகள், மலைகள், அதியமான் காலம், விஜயநகரம், திப்பு, கம்பெனி என்று நாற்பது பக்கம். வாதத்துக்கு வேண்டிய பின்னணி நாலு பக்கமென்றால் நாலு பக்கம் போதும். மிட்டா முறையைப் புரியவைக்க வேண்டும், அதற்கு 1790களிலிருந்து தொடங்கலாம், அதியமானைக் கூப்பிட வேண்டாம்.

ஒவ்வோர் இயலுக்கும் அது எந்தத் துணைக்கேள்விக்குப் பதில் சொல்கிறது, எந்த ஆவணத் தொகுதியை நம்பியிருக்கிறது என்று மூன்று நான்கு வரி எழுதுங்கள். எழுதும்போதே ஏதாவது ஓர் இயலுக்கு ஆவணம் இல்லை என்று தெரிந்துவிடும். தெரிந்தால் நல்லது, இப்போது தூக்கிவிடலாம்.

படி 8: காலம், பணம், மொழி

2022 விதிகளின்படி பிஎச்.டிக்குக் குறைந்தது 3 ஆண்டு, பாடநெறியும் அதற்குள். அதிகபட்சம் பொதுவாக 6 ஆண்டு. கால அட்டவணையில் காப்பக வேலைக்கு ஆறு மாதம் என்று போடுவார்கள், வெளியூர் மாணவருக்கு அது போதாது. சென்னையில் தங்கும் செலவு, வேலை பார்க்கும் கல்லூரியில் விடுப்பு, வீட்டுப் பொறுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுங்கள். இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎச்ஆர்) வழங்கும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போதும் இதே முன்மொழிவுதான் அடிப்படை, அதனால் அங்கே கேட்கும் சொல் அளவுக்கு ஒரு சுருக்க வடிவத்தையும் தயாராக வைத்திருங்கள்.

பல்கலைக்கழகம் அனுமதித்தால் தமிழில் எழுதத் தயங்காதீர்கள். ஆங்கிலத்தில் சிந்திக்க முடியாமல் ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் மற்றவர் வாக்கியங்களை எடுத்து ஒட்டும் பழக்கம் வருகிறது. யுஜிசியின் 2018 விதிகள் மற்றவர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி 10 சதவீதத்துக்கு மேல் போனால் நடவடிக்கைக்கு வழி செய்கின்றன, மென்பொருளைத் தாண்டிவிடலாம் என்று வார்த்தையை மாற்றிப் போடுவதும் திருட்டுதான்.

படி 9: கமிட்டி முன்னால்

ஆய்வு ஆலோசனைக் குழுதான் முன்மொழிவைப் பார்த்துத் தலைப்பை இறுதி செய்யும். அதற்கு முன்பே தமிழ்நாடு வரலாற்றுப் பேரவை, தென்னிந்திய வரலாற்றுப் பேரவை மாதிரி ஆண்டுக் கூட்டங்களில் பத்து நிமிடக் கட்டுரையாகப் படித்துப் பார்த்தால் எங்கே இடி விழும் என்று தெரியும்.

கமிட்டியில் அநேகமாக வரும் கேள்விகள்: ஏன் இந்த மாவட்டம், ஏன் இந்த ஆண்டுகள், ஆவணம் கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள், இதில் புதிதாக என்ன. கடைசிக் கேள்விக்குத் தகவலைச் சொல்லாதீர்கள், வாதத்தைச் சொல்லுங்கள். மூன்றாவது கேள்விக்கு மாற்றுத் திட்டம் கையில் இருக்கட்டும். ஒழுங்கு விசாரணைக் கோப்புகள் போதாமல் போனால் ஒரு தாலுகாவை மட்டும் ஆழமாகப் பார்ப்பேன், அல்லது பக்கத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தையும் சேர்த்து விசாரணைகளை மட்டும் எடுப்பேன் என்று தெளிவாகச் சொல்லத் தெரிய வேண்டும். "தலைப்பில் 'ஓர் ஆய்வு' என்று சேர்த்துக்கோங்க, காலத்தை 1947 வரை நீட்டுங்க" என்று ஒரு பெரியவர் சொல்லக்கூடும். மறுத்துச் சண்டை போட வேண்டாம், "1880க்குப் பிறகு பஞ்ச விதித் தொகுப்பு வந்து நடைமுறையே மாறிவிடுகிறது, அதனால் அங்கே நிறுத்துகிறேன், ஐயா" என்று காரணத்தோடு சொன்னால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். உங்கள் நெறியாளரோடு இந்த இடங்களை முன்கூட்டியே பேசி வைத்திருங்கள், அந்த அறையில் உங்களுக்காகப் பேச வேண்டியவர் அவர்தான்.

திருத்தம் சொன்னால் அன்றைக்கே எழுதி வைத்துக்கொண்டு, எதை ஏற்றேன், எதை ஏன் ஏற்கவில்லை என்று ஒரு பக்கக் குறிப்போடு திருப்பிக் கொடுங்கள். ஒப்புதல் கடிதம் வரச் சில சமயம் வாரக்கணக்கில் ஆகும். அதுவரை சும்மா இருக்காமல், படி 2இல் குறித்து வைத்த கோப்புகளில் இன்னும் பார்க்காதவற்றுக்கு எழும்பூரில் கேட்புச் சீட்டு எழுதத் தொடங்கிவிடுங்கள்.